ஆடியில் அளந்தால் மார்கழி தெரியுமா?

போன மார்கழியில் ஒருநாள் விடிகாலை ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலைக்கு ஏறினேன். மேலே நல்ல குளிர், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, கீழே ஊரைத்தான் காணோம். பக்கத்தில் நின்ற பெரியவர் "பனி இறங்கியிருக்கு தம்பி" என்றார், நானும் அப்படித்தான் நினைத்தேன். சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் எழும்பிய புகை கொஞ்ச தூரம் நேராகப் போய், எதிலோ முட்டிக்கொண்டது போலப் படுக்கையாகப் பரவியதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. பனி இருந்தது, சரி. பனி மட்டும் இல்லை.

ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். மார்கழி, தை இரவுகளில் மேகம் இல்லாவிட்டால் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடும், அதற்கு மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாக நிற்பதால் பானைக்கு மூடி போட்ட கதைதான். ராத்திரி முழுக்க ஓடிய ஆலை, தேசிய நெடுஞ்சாலை 44இல் பெங்களூருக்கும் சேலத்துக்கும் போய்வந்த லாரிகள், தெருமுனையில் யாரோ கொளுத்திய குப்பை, எல்லாம் அந்த மூடிக்குள். வெயில் ஏறித் தரை சூடானால்தான் மூடி திறக்கும், அதற்கு ஒன்பது, பத்து மணி ஆகிவிடும். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களும் ஸ்கூல் வேனுக்கு நிற்கிற பிள்ளைகளும் தெருவில் இருப்பது அதற்கு முன்னால்.

ஆடியில் வந்து பாருங்கள். மேற்குக் காற்று ஆளையே தள்ளும். ஒரு ஆலையும் மூடவில்லை, ஒரு லாரியும் குறையவில்லை, ஆனால் ஊர் பளிச்சென்று இருக்கும்.

அதனால்தான் வருடத்துக்கு ஒரு சராசரியைச் சொல்லி "நம்ம ஊர் பரவாயில்லை" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. 2.5 மைக்ரானுக்குள் அடங்கும் நுண்துகள், நுரையீரலின் அடிவரை போவது, ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம், ஒரு நாளைக்கு 60 என்பது நம் நாட்டின் வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது ஆண்டுக்கு 5, நாளைக்கு 15. இந்த இடைவெளியே தனிப் பஞ்சாயத்து, அது இருக்கட்டும். ஆடி மாதத்துக் காற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் சராசரி இறங்கத்தான் செய்யும், ஆனால் ஆடிக் காற்றைப் பாட்டிலில் பிடித்துவைத்து மார்கழியில் மூச்சு விட முடியுமா?

மாதம் மட்டும் இல்லை, இடமும்தான். என் அத்தை வீடு சூளகிரிப் பக்கம் கல்லை உடைத்து ஜல்லியாக்குகிற ஒரு கிரஷருக்கு மேற்கே இருக்கிறது. ஆடியில் தூசி எல்லாம் கிழக்கே இருக்கிற ஊருக்குப் போகும், இவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. தையில் காற்று கிழக்கிலிருந்து திரும்பினால் துணி காயப்போட முடியாது, திண்ணையில் விரலால் பெயர் எழுதலாம். மாமரம் பூவெடுக்கிற நேரமும் அதுதான், இலை வெள்ளை பூசினது மாதிரி நிற்கும். இலையில் வெயிலே படாமல் மரம் என்னத்தைச் சாப்பிடும்? ஊரே சேர்ந்து தையில் ஒரு மனு கொடுத்தது. அதிகாரிகள் ஆய்வுக்கு வந்தார்கள். எப்போது? ஆடியில். அன்றைக்குப் பார்த்து கிரஷரில் தண்ணீர் வேறு தெளித்திருந்தார்கள். "தூசி ஒண்ணும் இல்லையேம்மா" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

இது அவர்கள் குறும்பு மட்டும் இல்லை, விதியிலேயே இடம் இருக்கிறது. ஒரு திட்டத்துக்கு அனுமதி கொடுக்கும் முன் அதனால் என்ன பாதிப்பு வரும் என்று பார்க்கிற 2006இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நடைமுறையில் பல திட்டங்களுக்கு மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்துக் காற்று அளவு போதும். மார்ச் முதல் மே வரை அளந்தாலும் ஒரு பருவம்தான். கோடையில் பெருந்தூசி கிளம்பும், மறுக்கவில்லை, ஆனால் மதிய வெயிலில் காற்று மேலே வெகு உயரம்வரை கலந்துவிடுவதால் புகை அவ்வளவு தேங்காது. மார்கழி விடிகாலை அந்த அறிக்கையில் வரவே வராது.

நானும் சிப்காட்டில்தான் சம்பளம் வாங்குகிறேன், எதையும் இழுத்து மூடச் சொல்லவில்லை. மார்கழி, தை இரண்டு மாதம் காலை ஒன்பது மணிவரை கிரஷர் ஓட வேண்டாம். ஜல்லி ஏற்றுகிற டிப்பருக்கு ஒரு தார்ப்பாய். அளக்கிற கருவியைக் காற்று வந்து சேருகிற பக்கம், அந்த மாதத்தில் வையுங்கள். கேட்பது இவ்வளவுதான். (போகிக்கு டயர் கொளுத்துகிற நம் ஆட்களே, உங்களையும் மலைமேல் இருந்து பார்த்தேன்.)

அத்தை இந்த முறை மனுவை என்னையே எழுதச் சொல்லியிருக்கிறார். "எப்ப வரணும்னு நாமளே போட்டுடலாம்டா. தை மாசம், காலையில ஆறு மணி, நம்ம வீட்டுத் திண்ணை. காபி நான் போட்டுத் தர்றேன்."