பாலின ஆய்வு பிரசவத்தோடு முடிவதில்லை

“சுகாதாரத்தில் பாலின ஆய்வு என்றால் பிரசவ மரணத்தை எண்ணுவதுதான். நம்ம ராமநாதபுரத்தில் பிரசவமெல்லாம் ஆஸ்பத்திரியில்தான், இங்கே அதற்கென்ன வேலை?” என்று மேலே ஒரு தம்பி கேட்டிருக்கிறார். முதல் பாதியே தவறு, தம்பி. ஆண், பெண் என்ற வேறுபாட்டால் சிகிச்சை யாருக்கு எட்டுகிறது, சிகிச்சை தரும் வேலையை யார் செய்கிறார்கள், முடிவு யார் கையில் என்பதெல்லாம் அந்தத் துறையின் கேள்விகள். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கைப்படி சுகாதாரப் பணியாளர்களில் சுமார் 70 சதவீதம் பெண்கள்; உயர் பதவிகளிலோ 25 சதவீதம்தான்.

சரி, நம்ம கடற்கரைக்கே வாருங்கள். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் அக்காமார் விரலில் துணி சுற்றிக்கொண்டு, பாறை கிழித்த காலோடு மறுபடியும் உப்புத் தண்ணீரில் முங்குகிறார்கள். அவர்கள் கடலில் இருக்கும் நேரத்திலேயே ஓ.பி. முடிந்துவிட்டால், இலவச மருந்து இருந்தும் கைக்கு வராது. இந்தக் காயத்தை எந்தப் பிரசவக் கணக்கில் எழுதுவது?