கட்டுப்பாடு வேறு, தடை வேறு

தம்பி, "இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவைச் சுற்றி வான்பரப்பைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், இனிப் பொழுதுபோக்கு விமானிகளுக்கு அங்கே தடை" என்று எழுதியிருக்கிறீர்கள். 2020 பெப்ரவரியில் அந்த விமான நிலையத்தைச் சுற்றிய கட்டுப்பாட்டுப் பரப்பு கூடியது உண்மைதான். தடை என்பதுதான் பிழை.

வான்பரப்பைக் கட்டுப்பாட்டின் இறுக்கத்தைப் பார்த்து வகுப்பு வகுப்பாகப் பிரிப்பார்கள். அங்கே முக்கியமாக வந்தது டி வகுப்பு. றேடியோவில் கூப்பிட்டு அனுமதி வாங்கினால் சின்ன விமானமும் உள்ளே போகலாம். நம்ம திருகோணமலை சீனன்குடா விமான நிலையத்தில் இறங்க வருகிற விமானியும் கோபுரத்திடம் கேட்டுத்தானே இறங்குகிறார்? கண்ணால் பார்த்துப் பறப்பவர்களை அறவே விடாதது ஏ வகுப்பு. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

ஆனால் அங்கே கிளைடர் ஓட்டுகிறவர்களுடைய மனக்குறை பொய்யில்லை. கிளைடருக்கு எஞ்சின் கிடையாது, சூடான காற்று தூக்கினால்தான் உயரம். அனுமதி வரும்வரை காத்திருந்தால் இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் பலர் வெளியால் சுற்றிப் போகிறார்கள். எல்லாரும் ஒரே இடுக்கில் நெருங்கினால் மோதும் ஆபத்துக் கூடும்.

இன்னொன்று, கட்டுப்பாட்டுப் பரப்பின் அடித்தளம் கீழே வந்தால், அனுமதி வாங்காதவர் அதற்குக் கீழேதான் பறக்க வேண்டும். 40-க்கு 1 என்று, அதாவது 1 அடி இறங்குவதற்குள் 40 அடி முன்னே சறுக்கும் கிளைடருக்கு 1000 அடி குறைந்தால் எட்டக்கூடிய தூரத்தில் சுமார் 12 கிலோமீற்றர் போச்சு. திருகோணமலை டவுனிலிருந்து நிலாவெளிக்குக் கிட்டப் போகிற தூரம், சும்மாவா!

பக்கத்திலுள்ள லாஷம் கிளைடர் சங்கம் இதை எதிர்த்து வழக்கும் போட்டது. அது நடைமுறைக்கு வருமுன்பே, 2019இல் தோற்றுவிட்டார்கள்.