ஜம்பர் பேக்கைக் கழற்றி எறியாதீர்கள்

"நின்டெண்டோ 64 கேம் கன்சோலைக் கையடக்கமாக மாற்றும்போது ஜம்பர் பேக்கை (நினைவக இடத்தில் செருகியிருக்கும் சிறு துண்டு) எடுத்துவிடலாம், அது வெறும் டம்மி" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து யாரும் இதைச் செய்ய வேண்டாம். அதில் நினைவகச் சிப் இல்லை, அது சரி. ஆனால் ராம்பஸ் எனப்படும் நினைவக வகையின் சமிக்ஞைத் தடத்தை அதன் முனையில் முறையாக முடித்துவைக்கும் மின்தடைகள் அதற்குள்தான் இருக்கின்றன. அந்த இடம் காலியாக இருந்தால் படமே வராது. போர்டு போய்விட்டது என்று நினைத்து நல்ல கன்சோலை யாராவது தூக்கிப் போட்டுவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. என்னைக் கேட்டால் அங்கே எக்ஸ்பான்ஷன் பேக் என்ற கூடுதல் நினைவகத் துண்டைப் போடுங்கள், 4 எம்பி நினைவகம் 8 ஆகும். டாங்கி காங் 64 கேம் அது இல்லாமல் ஓடாது.

அப்புறம், கன்சோல் ஓடுவது 3.3 வோல்ட்டில்தானே என்று லித்தியம் பேட்டரியை நேரடியாக இணைக்காதீர்கள். முழு சார்ஜில் அது 4.2 வோல்ட், நடுவே மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் வேண்டும்.