கேமராவை விட அந்த ஆபீஸ்தான் பயம்

எங்கள் வண்ணாரப்பேட்டையில் தெருமுனைக்கு ஒரு கேமரா வந்தால் போதும், 'ஆர்வெல் அன்னைக்கே சொன்னாரு' என்று யாராவது ஸ்டேட்டஸ் போட்டுவிடுவார்கள். எனக்கும் கேமரா மேல் பிரியம் இல்லை. நைட் ஷிப்ட் முடிந்து வரும் பையனை போலீஸ் மடக்கி, போனில் முகத்தைப் படம் பிடிப்பதும் எங்கள் ஏரியாவில்தான் அதிகம், அடையாறில் அல்ல. சரி, அது தனிப் பஞ்சாயத்து.

ஆனால் எந்நேரமும் வேவு பார்க்கும் அரசைப் பற்றி ஆர்வெல் எழுதி 1949-இல் வந்த '1984' நாவலில், எனக்கு நிஜமாகவே பயம் காட்டியது கதாநாயகன் வின்ஸ்டன் அரசாங்க ஆபீஸில் பார்க்கும் வேலை. பழைய செய்தித்தாளை எடுத்து, தலைவர் சொல்லிப் பலிக்காததையெல்லாம் பலித்ததாகத் திருத்த வேண்டும். பழைய பிரதி நெருப்புக்குப் போய்விடும். சாக்லேட் ரேஷனை 30 கிராமிலிருந்து 20 ஆகக் குறைக்கிறார்கள். மறுநாளே, 20 கிராமாக 'உயர்த்திய' தலைவருக்கு நன்றி சொல்லி ஊர்வலம் போனதாகச் செய்தி. கேன்டீனில் பக்கத்தில் இருப்பவன் அதை அப்படியே நம்புகிறான்!

நம்ம ரேஷன் கடையில் சர்க்கரையைக் குறைத்துப் போட்டுப் பாருங்கள். போன மாத மெசேஜைக் காட்டி க்யூவில் இருக்கும் அக்கா உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். கணக்கு கையில் இருக்கிற தைரியம்.

இங்கேயும் இந்திராவின் எமர்ஜென்சியில் அந்தக் கணக்கைப் பிடுங்கிப் பார்த்தார்கள். 1976 ஜனவரி 31-இல் திமுக ஆட்சியைக் கலைத்து, ராத்திரியோடு ராத்திரியாகக் கட்சிக்காரர்களை, விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கும் மிசா சட்டத்தில் அள்ளினார்கள். கைதானவர்கள் பெயரைப் போட தணிக்கை விடாது. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்று முரசொலியில் கருணாநிதி, அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். படிப்பகத்தில் பேப்பர் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. (நான் கட்சிக்காரன் இல்லை. நல்ல வேலையை நல்ல வேலை என்றுதான் சொல்ல வேண்டும்.)

1977 தேர்தலில் நாடு இந்திராவைத் தோற்கடித்தது. தமிழ்நாட்டிலோ அவர் கூட்டணிதான் அள்ளியது. திமுகவுக்குக் கிடைத்த இரண்டே தொகுதிகளில் ஒன்று எங்கள் வடசென்னை. பட்டியல்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் யார் உள்ளே போனார்கள், என்ன அடி வாங்கினார்கள் என்பது இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்திருந்தது.

2022-இல் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் 12-ஆம் வகுப்பு அரசியல் புத்தகத்தில் எமர்ஜென்சி பற்றிய சில பக்கங்களை எடுத்துவிட்டார்கள். பாடச்சுமையைக் குறைக்கிறார்களாம். அதற்கு முந்தைய பதிப்பு யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸுக்கு வாங்க. ஜெராக்ஸ் செலவு என்னுடையது, எங்கள் படிப்பகத்தில் ஒரு பிரதி கிடக்கட்டும்.