பாட்டியின் முகச்சுருக்கத்தை எதற்குத் தேய்த்து அழிக்கிறீர்கள்?

நம் ஊர் ஸ்டுடியோக்களில் கல்யாணப் பரிசுக்கும், அறுபதாம் கல்யாணத்துக்கும், இறந்தவர் படத்துக்கும் 'ஸ்மட்ஜ் ஓவியம்' கேட்பது வழக்கமாகிவிட்டது. புகைப்படத்தை ஃபோட்டோஷாப்பில் திறந்து, தோலையும் முடியையும் துணியையும் ஸ்மட்ஜ் டூலால் இழுத்து இழுத்து, எண்ணெய் வண்ண ஓவியத்தின் சாயலைக் கொண்டுவந்து, கேன்வாஸில் அச்சிட்டுச் சட்டம் போட்டுத் தருகிறார்கள். ஓவியம் பயின்றவர்கள் சிலர் 'படத்தைத் தேய்ப்பதெல்லாம் ஓவியமா' என்று முகம் சுளிக்கிறார்கள். அந்த வழக்கில் எனக்கு ஆர்வமில்லை. பொறுமையாகச் செய்தால் இது நல்ல கைவேலைதான். என் மனத்தாங்கல் வேறு. யாருடைய படத்தைக் கொடுத்தாலும், வழவழவென்று சிவந்த ஒரே முகம்தான் திரும்பி வருகிறது.

இந்த டூல் புதிதாக எந்த நிறத்தையும் சேர்ப்பதில்லை. கோடு தொடங்கும் இடத்திலுள்ள நிறத்தை எடுத்து, நாம் இழுக்கும் திசையில் பூசிக்கொண்டே போகிறது; ஸ்ட்ரெங்த் அளவைக் கூட்டினால் அந்த நிறம் நெடுந்தூரம் போகும், குறைத்தால் சீக்கிரம் கரைந்துவிடும். ஆகவே திசைதான் எல்லாம். நெற்றியில் குறுக்காகவும், மூக்குத்தண்டில் நெடுக்காகவும், கன்னத்தில் எலும்பின் வளைவைத் தழுவியும் இழுப்பவருக்கு முகம் பிடிபடுகிறது. எல்லா இடத்திலும் வட்டமாகத் தேய்ப்பவருக்கு வெளிச்சமும் நிழலும் ஒன்றாகக் குழைந்து, முகம் தட்டையாகிவிடுகிறது. முடியிலும் இதே கதைதான்: முதலில் கற்றை கற்றையாகப் பிரித்து, பிறகு தனி லேயரில் (படத்தின்மேல் விரித்த கண்ணாடித்தாள் போன்ற அடுக்கில்) சில இழைகளை மட்டும் வெவ்வேறு தடிமனில் வரைய வேண்டும். ஒவ்வொரு முடியையும் ஒரே கனத்தில் வரைந்தால் வாங்கி வைத்த விக் போலத்தான் இருக்கும்.

முகத்தைத் திருத்தும் ஆசைக்குக் கம்ப்யூட்டரைக் குறை சொல்ல முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 19ஆம் நூற்றாண்டிலேயே ராஜஸ்தானின் உதய்ப்பூரிலும் நாத்துவாராவிலும் ஓவியர்கள் புகைப்பட அச்சின்மேல் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். பிலிம் காலத்து ஸ்டுடியோக்களில் நெகட்டிவின்மேல் கூரான பென்சிலால் 'டச்சிங்' செய்வார்கள். அச்சில் கருப்பாக விழும் சுருக்கம் நெகட்டிவில் வெளிறிய கோடாகத் தெரியும். அந்த வெளிறலைப் பென்சிலால் நிரப்பினால் அச்சில் சுருக்கம் மங்கும். ஆனால் அந்தப் பென்சில் தொடக்கூடிய இடம் குறைவு, அதனால் ஆள் தப்பித்தார். இன்று முழு முகமும் தேய்ப்பவர் கையில் இருக்கிறது.

திருநெல்வேலிப் பக்கத்து வீடொன்றில், பாம்படம் அணிந்து காது வளர்த்திருந்த ஒரு பாட்டியின் ஸ்மட்ஜ் படத்தைப் பார்த்தேன். தோள்வரை தொங்கிய காதுமடலின் துளை நிழலோடு சேர்ந்து கழுத்துக்குள் கரைந்துபோயிருந்தது. பாம்படம் மட்டும் எதையும் பற்றாமல் பொன்னிறப் புள்ளியாக மிதந்தது. கையிலிருந்த பச்சைக் குத்தும் இல்லை. அழுக்கு என்று நினைத்தார்களோ என்னவோ. மூலப்படத்தில் இவை எல்லாம் தெளிவாகவே இருந்தன என்பதுதான் கொடுமை.

நிறத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கறுத்த தோலில் வெளிச்சம் விழும் இடம் சற்று நீலம் பாய்ந்தும், நிழல் செம்பழுப்பாகவும் இருப்பதைப் பல படங்களில் பார்க்கலாம். தீட்டுபவனுக்கு அதைவிடச் சுவையான பரப்பு கிடைக்காது. அதை விட்டுவிட்டு, வேலை தொடங்கும் முன்பே முகத்தை வெளுக்க வைத்து, ஆரஞ்சு கலந்த ரோஜா நிறத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். வாடிக்கையாளர்தான் 'கொஞ்சம் கலரா' கேட்கிறார் என்பார்கள். கேட்பவர்கள் உண்டு, மறுக்கவில்லை. கேட்காதவருக்கும் அப்படியே செய்து கொடுப்பது ஏன்?

மூலப்படத்தின் தரமும் பாதிக் காரணம். வாட்ஸப்பில் சுற்றி வந்த படத்தையோ, ரேஷன் கார்டிலிருந்து செல்போனில் எடுத்ததையோ கொடுத்துவிட்டு 12க்கு 18 அங்குலம் கேட்கிறோம். அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ) என்ற கணக்கில் அதற்கு 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். படக்கோப்பின் அளவைக் குறைக்கும் ஜேபெக் சுருக்கம் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் வேலை செய்கிறது. மிகவும் சுருங்கிய படத்தைப் பெரிதாக்கினால் அந்தக் கட்டங்களின் விளிம்பே தோல்போலத் தெரியும், ஸ்மட்ஜ் அதையும் சேர்த்து இழுக்கும். இந்தக் குறையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நொடியில் சரிசெய்வதாகச் சொல்கிறார்கள். அவை இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்புகின்றன. இருப்பது ஒரே படம், ஆள் உயிரோடில்லை என்னும்போது, அப்பாவின் முகத்தில் யாருடைய கண்ணோ வந்து உட்கார்ந்துகொள்கிறது.

படம் கொடுக்கப் போகிறவர்கள் இருப்பதிலேயே பழைய அசல் அச்சைத் தேடி எடுத்து, ஸ்கேன் செய்து கொடுங்கள். மச்சம், தழும்பு, பச்சைக் குத்து, காது, பல் ஆகியவற்றைத் தொடக்கூடாது என்று எழுதியே கொடுங்கள். அச்சுக்குப் போகும் முன் கண்ணை மட்டும் 100 சதவீத அளவில் திரையில் காட்டச் சொல்லுங்கள். கருவிழியில் விழுந்த வெளிச்சப் புள்ளி மூலத்தில் இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். தீட்டுபவர்கள் வெற்று லேயரில், 'சாம்பிள் ஆல் லேயர்ஸ்' (எல்லா லேயரிலிருந்தும் நிறம் எடுக்கும் தேர்வு) போட்டு வேலை செய்தால், கீழே மூலப்படம் அப்படியே கிடக்கும். மேலே உள்ள லேயரை அவ்வப்போது மறைத்துப் பார்த்து, ஆள் இன்னும் அவர்தானா என்று ஒப்பிட்டுக்கொண்டே போகலாம்.