பெட்டிக்கடையில் ஒளிந்திருந்த மாரா
இரண்டாம் உலகப்போரில் நாஜி அணிக்கு எதிராகப் போராடிய யூதப் பெண் கெரில்லா எஸ்த்ரெயா ஓவாதியா (இயக்கப் பெயர் 'மாரா') பற்றிய உங்கள் கட்டுரையில், அவர் மலையில் சண்டையிட்டு இறந்ததை விரிவாக எழுதிவிட்டு, மாசிடோனியாவின் பித்தோலா நகரில் அவர் தப்பியதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே!

1943 மார்ச் 11 விடியலில் நாஜி ஜெர்மனியின் கூட்டாளியான பல்கேரியாவின் படை அந்த ஊர் யூதர்களை வளைத்துப் பிடித்தது. ஸ்கோப்யே புகையிலைக் கிடங்கில் அடைத்து வைத்து, அப்புறம் ரயிலில் திரெப்ளிங்கா என்ற நாஜி கொலைமுகாமுக்கு அனுப்பியது. மாசிடோனியாவிலிருந்து மட்டும் 7,000 பேருக்கு மேல், ஒருவர்கூடத் திரும்பவில்லை. வளைத்துப் பிடித்த அந்த நாளில் எஸ்த்ரெயா தோழிகள் சிலரோடு ஒரு பெட்டிக்கடைக்குள் மூச்சடக்கி ஒளிந்திருந்தார். பெட்டிக்கடை என்றால் எவ்வளவு இடம் இருக்கும், யோசித்துப் பாருங்கள். அதன்பிறகுதான் மலையேறி கெரில்லாப் படையில் சேர்ந்தார். 1944 ஆகஸ்ட் 26இல், கய்மாக்சலான் மலையில் சாகும்போது வயது 21. யூகோஸ்லாவியாவின் 'மக்கள் வீரர்' பட்டம் 1953இல்தான் வந்தது.

சரி, உயிரைப் பணயம் வைத்து இடம் கொடுத்த அந்தக் கடைக்காரரைப் பற்றியும் எழுதுங்களேன்.