கால்சியம் ஸ்கோர் பூஜ்ஜியம் என்றால் மாரடைப்பே வராதா?

"சி.டி. ஸ்கேனில் கால்சியம் ஸ்கோர் பூஜ்ஜியம் வந்தால் இதய ரத்தக்குழாயில் அடைப்பே கிடையாது, நெஞ்சு வலித்தாலும் பயப்பட வேண்டாம்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவுகிறது. முன்பாதி அரைகுறை உண்மை. பின்பாதி உயிருக்கே ஆபத்தானது.

இந்த ஸ்கேன் கணக்கிடுவது இதய ரத்தக்குழாயின் கொழுப்புப் படிவில் இறுகிப்போன சுண்ணாம்புச் சத்தை மட்டுமே. 1990-இல் அமெரிக்க இதய மருத்துவர் அகாட்ஸ்டனின் குழுவினர் வெளியிட்ட முறைப்படி, 130 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகும் (சி.டி. படத்தில் அடர்த்தியை அளக்கும் அலகு) அதற்கு மேலும் அடர்த்தியுள்ள பகுதிகள்தான் கணக்கில் சேரும். சுண்ணாம்பு படியாத மென்படிவுகள் அதில் சிக்குவதில்லை. அத்தகைய படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்தாலும் மாரடைப்பு வரும். இளம் வயதினர், புகைபிடிப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள் இதை மறக்கவே கூடாது.

அறிகுறி எதுவும் இல்லாதவருக்குப் பூஜ்ஜியம் நல்ல செய்திதான். அடுத்த சில ஆண்டுகளுக்கு அபாயம் குறைவு. வலி இருப்பவருக்கோ வேறு சோதனையும் தேவைப்படலாம். சிரை வழியாகச் சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம், குழாயின் சுருக்கத்தையும் மென்படிவையும் காட்டும். இதயத்துக்கு வேலை கொடுத்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட் சோதனையான ஸ்ட்ரெஸ் எக்கோ, உழைப்பின்போது இதயத் தசை சரியாகச் சுருங்குகிறதா என்று சொல்லும். எது பொருத்தம் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். திடீரென நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் வந்தால் பழைய ஸ்கேன் அறிக்கையைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.